ஹெட்போன் கேபிளும் அதற்கேற்ற ஆம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருக்கிறேன். ஷிப்டு முடிந்து வந்ததும் வீட்டு முன்னறையில் ஹெட்போன் கேபிள் பழுது பார்ப்பதும், புதிதாகச் செய்து கொடுப்பதும் பல வருடப் பழக்கம். தோட்டத்துப் பிள்ளைகள், உறுமி மேளக் குழுப் பையன்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் வருகிறார்கள். சந்தேகம் மட்டும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓவர்டைம் செய்து சேர்த்த காசைத் தேவையில்லாத இடத்தில் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

நம் ஊரில் பணத்தையும் வெள்ளி என்போம். குழப்பம் வராமலிருக்க, பதில்களில் வெள்ளி என்றால் உலோகம். பணத்துக்கு ரிங்கிட் என்று எழுதுகிறேன்.

“தம்பி, என் மகன் ரெண்டாயிரம் வெள்ளிக்கு ஹெட்போன் கேக்கிறான். அதோட ஆம்பு, கேபிளுன்னு வேற சொல்றான். எல்லாம் கண்டிப்பா வேணுமா?”

வேண்டாம் அக்கா. முதலில் ஹெட்போன் மட்டும் வாங்கிக் கொடுங்கள். ஓசையின் குணத்தை முக்கால்வாசிக்கு மேல் தீர்மானிப்பது அதுதான். நல்ல ஹெட்போனோடு பெட்டியிலேயே வரும் கேபிள் பெரும்பாலும் போதுமானது.

கொஞ்ச நாள் கேட்கட்டும். ஆம்ப் என்பது ஹெட்போனுக்குப் போகும் பவரைக் கூட்டும் கருவி. போனிலோ லேப்டாப்பிலோ சத்தத்தை முக்கால் அளவு வைத்தாலே நிறைவாகக் கேட்கிறது, உரத்த இடத்தில் ஓசை உடையவில்லை என்றால் ஆம்ப் தேவையில்லை. போதவில்லை என்றால் ஆம்ப். கேபிள் கடைசி. அது அறுந்தால், நீளம் சரிப்படவில்லை என்றால், ஜேக் பொருந்தவில்லை என்றால் மட்டும்.

“அண்ணே, பெட்டியில 300 ஓம்னு போட்டிருக்கு. அது கூடவா கம்மியா?”

கூடத்தான். ஓம் என்பது மின்தடையின் அளவு. ஆனால் ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பக்கத்திலேயே சென்சிடிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும், கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்வது. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓம் அதிகமானால் வோல்ட் அதிகம் தேவை. சென்சிடிவிட்டி குறைந்தால் மொத்த பவரே அதிகம் தேவை.

இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்டி 650 என்பது 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் தரும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். இசையின் உச்ச இடங்களுக்கு 110 டெசிபல் வேண்டும் என்று வைத்தால், சுமார் 2.2 வோல்ட், 17 மில்லிவாட் போதும். ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 110 டெசிபலுக்கு சுமார் 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர் வேண்டும். 50 ஓம் என்று நம்பி அதைப் போனில் மாட்டிய ஒரு தம்பி, ஹெட்போன் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். ஹெட்போனுக்கு ஒன்றுமில்லை. அதற்குச் சாப்பாடு போதவில்லை, அவ்வளவுதான்.

ஒரே மாடல் பல ஓம்களில் வருவதும் உண்டு. பேயர்டைனமிக் டிடி 880 என்றால் 32, 250, 600 ஓம் என்று மூன்று வகை. போனில் கேட்பவர் 600 ஓம் வகையை வாங்கிவிட்டு வருத்தப்பட வேண்டாம்.

“போனுக்கு வர்ற அந்தச் சின்ன டாங்கிள் போதுமாண்ணே?”

பலருக்குப் போதும். டாங்கிள் என்பது போனின் யூஎஸ்பி வாயை ஹெட்போன் வாயாக மாற்றும் சின்ன ஒயர். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்பது மட்டும் பாதி. 32 ஓம் ஹெட்போன், இயர்போன் எல்லாம் அதில் நன்றாகவே ஓடும். மேலே சொன்ன எச்டி 650-க்குக்கூட இன்றைய சினிமாப் பாட்டென்றால் சமாளித்துவிடும். குறைந்த ஒலி அளவில் பதிவான பழைய நாதஸ்வரக் கச்சேரி என்றால்தான் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

ஒன்றைக் கவனியுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் அந்த டாங்கிள் முழுச் சத்தம் தராது. வாங்கும் முன் உங்கள் போனிலேயே மாட்டிப் பாருங்கள்.

“ஆம்புக்கும் ஓம் கணக்கு இருக்காமே? வால்வு ஆம்பு என் ஹெட்போனுக்கு ஒத்துவருமா?”

இருக்கிறது, ஆம்புக்குள்ளேயே இருக்கும் அந்த மின்தடையை அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட மாட்டார்கள், ஆனால் கேபிளைவிட இதற்கு மதிப்பு பல மடங்கு. எளிய கணக்கு: ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள்.

காரணம் இதுதான். சாதாரண டைனமிக் ஹெட்போனின் ஓம் எல்லா சுருதியிலும் ஒன்றாக இருக்காது. எச்டி 600-ஐ 300 ஓம் என்று சொன்னாலும், பேஸ் பகுதியில் அது 500-ஐத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப் (பழைய ரேடியோ போலக் கண்ணாடிக் குழலில் ஓடுவது) ஒன்றின் அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் என்று வையுங்கள். ஓம் கூடின இடத்தில் ஆம்புக்குள் இழப்பு குறையும், ஆகவே பேஸ் ஒரு டெசிபலுக்கு மேல் உயர்ந்து கேட்கும். உறுமியின் இடப்பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் சற்றுக் கனமாக, சூடாக வரும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது ஆம்ப் சேர்த்த ருசி என்று தெரிந்தே வாங்க வேண்டும். அதே ஆம்பில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் ருசி கெட்டு, பேஸ் கொழகொழத்துவிடும்.

தட்டையான மெல்லிய படலம் அதிரும் பிளேனர் வகை ஹெட்போன்களின் ஓம் எல்லா சுருதியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இந்த ஏற்ற இறக்கம் அவற்றுக்கு இல்லை. அவற்றுக்கு வேண்டியது பவர்.

“ஹெட்போனே 900 வெள்ளிதான். அதுக்கு 1,200 வெள்ளிக்கு வெள்ளிக் கேபிள் காட்டுறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?”

வெள்ளி இருக்கிறது, அழகான பின்னல் இருக்கிறது, நல்ல பெட்டி இருக்கிறது. ஓசையில் என்ன மாறும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், எண் குறைந்தால் கம்பி தடி. 26 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.134 ஓம் மின்தடை. 3 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப 6 மீட்டர், ஆக 0.8 ஓம். 300 ஓம் ஹெட்போனுக்கு முன்னால் அந்த 0.8 ஓம் ஏற்படுத்தும் இழப்பு 0.02 டெசிபல்தான். காதுக்கு அது எட்டாது.

செம்புக்குப் பதில் சுத்த வெள்ளி போட்டால் மின்தடை 5, 6 சதவீதம் குறையும். 0.8 ஓம் 0.76 ஆகும். தடித்த 24 கேஜ் செம்பு போட்டால் அதைவிட அதிகமாகவே குறைத்துவிடலாம், சில ரிங்கிட்டில். தங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: தங்கம் செம்பைவிட மோசமான கடத்தி. ஜேக்கில் தங்க முலாம் பூசுவது அது துருப்பிடிக்காது என்பதற்காக மட்டும்.

ஓசிசி செம்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் சிபா தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அட்சுமி ஓனோ கண்டுபிடித்த வார்ப்பு முறை அது. கம்பியை நீண்ட படிகமாக, இடையில் வெட்டில்லாமல் வார்க்கும் நல்ல தொழில்நுட்பம். ஆனால் ஹெட்போன் கேபிள் நீளத்துக்கு அதனால் மின்தடை காதில் கேட்கும் அளவுக்குக் குறைவதில்லை. அந்த 1,200 ரிங்கிட்டை ஹெட்போன் விலையோடு சேர்த்தால் 2,100 ரிங்கிட் ஹெட்போன் வாங்கலாம். அந்த வித்தியாசம் காதில் நிச்சயம் கேட்கும்.

“அப்போ கேபிள் மாத்தினா எந்த வித்தியாசமும் வராதுங்கிறீங்களா?”

அப்படிச் சொல்லவில்லை. வரும் இடங்கள் உண்டு. பல ஆர்மேச்சர்கள் (சின்னஞ்சிறு ஒலிப்பான்கள்) உள்ள இயர்போன்கள் சிலவற்றின் ஓம் ஓரிடத்தில் 5, இன்னோரிடத்தில் 40 என்று ஆடும். மெல்லிய 28 கேஜ் கம்பியில் 1.2 மீட்டர் கேபிள் போட்டால் போக வர அரை ஓம். 5 ஓம் இடத்தில் 0.8 டெசிபல் இறங்கும், 40 ஓம் இடத்தில் 0.1 தான். ஆக ஓசையின் சாயல் 0.7 டெசிபல் அளவு மாறுகிறது, கூர்ந்து கேட்டால் தெரியலாம். வெள்ளி போட்டால் ஹை ஏறுகிறது என்று சிலர் சொல்வதற்கு அடியில் பல நேரம் இருப்பது இந்தத் தடிமன் வித்தியாசம்தான். அதே இயர்போனை 10 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள ஆம்பில் மாட்டினால் மாற்றம் 7 டெசிபலுக்கு மேல். எது பெரிய விஷயம் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, இடது வலது இரண்டும் ஒரே திரும்பு கம்பியைப் பங்கு போடும் கேபிள். 3 மீட்டரில் அந்தப் பொதுக் கம்பி 0.4 ஓம் என்றால், 32 ஓம் ஹெட்போனில் ஒரு பக்க ஓசை மறுபக்கத்துக்கு 38 டெசிபல் தாழ்வில் கசியும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பி போட்டு, ஜேக்கில் மட்டும் சேர்த்தால் இந்தக் கசிவு பெருமளவு அடங்கிவிடும். நான் செய்யும் கேபிள் எல்லாம் நான்கு கம்பிதான்.

அப்புறம் தினசரி சுகம். கனமான கேபிள் கழுத்தை இழுக்கும். விறைப்பான உறை சட்டையில் உரசினால் டொக் டொக் என்று காதுக்குள் கேட்கும். 3 மீட்டர் கேபிளை மேசையடியில் புரளவிட்டு வண்டியேற்றி நசுக்குபவர்கள் ஏராளம், நாற்காலிச் சக்கரத்தைச் சொல்கிறேன். மெல்லிய, துவளும், உங்கள் இடத்துக்கு ஏற்ற நீளமுள்ள கேபிளுக்குப் பணம் கொடுப்பது நியாயமான செலவு.

“ஒளி தெரியுற உறை போட்ட கேபிள் வாங்கினேன். ஆறே மாசத்துல பச்சையா போச்சு. கெட்டுடுச்சா?”

கெடவில்லை. வேர்வையும் ஈரமும் உறைக்குள் புகுந்து செம்பின் மேற்பரப்பு களிம்பேறுகிறது, பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுவது போல. மேல்தோல் மட்டும் பச்சையாவதால் மின்தடை மாறுவதில்லை. இழை அறுபடும் அளவுக்கு அரித்தால்தான் கவலை. நம் ஊர் புழுக்கத்துக்கு ஒளி புகாத உறையோ, ஒவ்வொரு இழைக்கும் எனாமல் பூசிய கம்பியோ நல்லது.

வெள்ளிக்கு இங்கே வேறு எதிரி உண்டு. ஆலைக் கழிவுநீர்க் குட்டையிலிருந்து எழும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைட் கலந்திருக்கும். அழுகின முட்டை வாடை என்கிறோமே, அதுதான். குட்டைக்குக் காற்றோட்டத்தில் இருக்கும் வீடுகளில் குழந்தையின் வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று அம்மாமார்களைக் கேளுங்கள். வெள்ளி முலாம் பூசிய ஜேக்கும் அப்படியே கறுத்துக் கரகரக்கும். ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் தங்க முலாம் ஜேக்கைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். இருக்கும் ஜேக் கரகரத்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள்.

“பேலன்ஸ்டுன்னா ஓசை தனி ரகம்னு சொல்றாங்களே. 4.4 ஜேக்குக்கு மாறிடவா?”

உங்கள் ஆம்பில் பேலன்ஸ்டு வாய் (4.4 மி.மீ. ஜேக்குக்கானது போல) இருந்து, அதில்தான் பவர் அதிகம் என்றால் மாறுங்கள். பேலன்ஸ்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு ஆம்புகள் எதிரெதிராக இழுக்கும். வோல்ட் இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபல் கூடும். அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம். உடனே மாற்றிக் கேட்டு “என்னமா இருக்கு” என்று சொல்பவர்களில் பலர் கேட்டது அந்த 6 டெசிபல் கூடுதல் சத்தத்தை.

இனி சொல்வது ஆம்பைக் காப்பாற்றும் விஷயம். பேலன்ஸ்டு ஜேக் உள்ள ஹெட்போனைச் சாதாரண 3.5 மி.மீ. வாயில் மாட்ட அடாப்டர் போடலாம், ஆபத்தில்லை. சாதாரண மூன்று முனை ஜேக் உள்ள ஹெட்போனைப் பேலன்ஸ்டு வாயில் மாட்ட அடாப்டர் போடவே கூடாது. சாதாரண ஜேக்கில் இடது மைனஸும் வலது மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பேலன்ஸ்டு ஆம்பில் அவை இரண்டும் உயிருள்ள முனைகள். சேர்ந்தால் ஷார்ட். ஆம்ப் தன்னைக் காத்துக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

“ஏகேஜி, ஆடிஸ் ரெண்டுமே மினி எக்ஸ்எல்ஆர் தானே, ஒரே கேபிளை ரெண்டு ஹெட்போனுக்கும் போட முடியாதா?”

மினி எக்ஸ்எல்ஆர் என்பது ஹெட்போனில் கேபிளை மாட்டும் சின்ன உருண்டை இணைப்பு. பெயர் ஒன்றுதான், முனைகள் வேறு. ஏகேஜி கே702-க்கு ஒரே பக்கம், மூன்று முனை. ஆடிஸ் எல்சிடி வகைக்கு இரு பக்கமும், நான்கு முனை. எச்டி 600, 650-க்குத் தடியும் மெலிசுமாக இரண்டு பின் உள்ள தனி ரகம், எச்டி 800-க்கு அதுவும் இல்லை, வேறொன்று. கிராடோவில் பெரும்பாலும் கழற்றவே முடியாது. இரு பக்கமும் 3.5 ஜேக் உள்ளவை இன்னும் ஏமாற்றும். பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். மாடல் பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள், வந்ததும் மல்டிமீட்டரால் பாருங்கள்.

இணைப்பு வரிசை கேட்பவர்களுக்கு: ஆம்ப் பக்கத்துப் பெரிய நான்கு முனை எக்ஸ்எல்ஆரில் 1 இடது பிளஸ், 2 இடது மைனஸ், 3 வலது பிளஸ், 4 வலது மைனஸ். 4.4 ஜேக்கில் நுனியிலிருந்து அதே வரிசை, அடிப்பகுதி கிரவுண்ட்.

“அண்ணே, மியூசிக் எல்லாம் கேக்குது, பாடுறவங்க குரல் மட்டும் காணோம். கரோக்கே மாதிரி ஆயிடுச்சு!”

பொதுக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஜேக் முழுதாக உள்ளே போகவில்லை. திரும்பும் வழி இல்லாதபோது இரு பக்க ஸ்பீக்கரும் தொடராகிவிடும். அப்போது காதில் விழுவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடகர் குரலை இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள், அதனால் அது கழிந்து காணாமல் போகிறது. பக்கத்தில் பதிவான வயலினும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். ஜேக்கின் கழுத்தை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். குரல் வந்து வந்து போனால் அறுந்த இடம் அதுதான்.

குரல் இருக்கிறது, ஆனால் தலைக்கு நடுவில் நிற்காமல் பரவிக் கிடக்கிறது, பேஸும் சூம்பிவிட்டது என்றால் அது வேறு. ஒரு பக்கத்தில் பிளஸும் மைனஸும் மாறியிருக்கின்றன. இரண்டு பின் இயர்போனைத் திருப்பி மாட்டினால் இப்படி ஆகும்.

“கேபிள் நானே பண்ணலாமா?”

தாராளமாக. வேலை இரண்டு மணி நேரம், பொறுமைதான் முக்கியம். தவறு நடப்பது பெரும்பாலும் சூட்டில். பின்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சீக்கிரம் இளகி, பின் சாய்ந்துவிடும். அதற்கு ஒரு வழி: ஜேக்கை அதற்குரிய பெண் வாய் ஒன்றில் செருகி வைத்துக்கொண்டு ஈயம் வையுங்கள். வாய் சூட்டையும் இழுக்கும், பின்னையும் நேராகப் பிடிக்கும். பின்னில் கொஞ்சம், கம்பியில் கொஞ்சம் என்று முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டால், இரண்டையும் ஒட்டவைத்துத் தொட்ட நொடியில் ஈயம் உருகிப் பளபளவென்று ஓடிச் சேரும். மங்கலாக, உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை, மறுபடி செய்யுங்கள்.

எனாமல் கம்பியில் எனாமலைக் கருக்கியோ சுரண்டியோ எடுக்காமல் ஈயம் வைத்தால் பார்க்க ஒட்டியது போலிருக்கும், மின்சாரம் போகாது. சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் சுருங்கு குழாயை ஈயம் வைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும். ஹெட்போனில் மாட்டும் முன் மல்டிமீட்டரில் எந்த இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடவில்லை என்று பாருங்கள்.

“லேப்டாப்புல மாட்டினா உம்முனு ஒரு சத்தம். விலை கூடின யூஎஸ்பி கேபிள் போட்டா போயிடுமா?”

போகாது. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப்: லேப்டாப்பும் ஆம்பும் இரண்டு வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுங்கள், அப்படியும் போகாவிட்டால் இடையில் நேரடி மின்தொடர்பைப் பிரித்துவிடும் யூஎஸ்பி ஐசோலேட்டர் போடுங்கள். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கேட்காதீர்கள். உள்ளே பழுதானால் 240 வோல்ட் உங்கள் தலையில் இருக்கும் ஹெட்போன் வரை வரும். வயர்மேனாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்ப் தருவித்தால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றால் இங்கே மாட்டிய உடனே கருகும். மாலையில் இடி கிளம்பினால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

“புதுக் கேபிளை 200 மணி நேரம் ஓட விட்டாதான் பழகும்ங்கிறாங்க?”

கம்பி பழகாது. காது பழகும், இயர்பேட் அமுங்கி முகத்துக்குப் படியும்.

“நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து கேட்டா எதுவுமே தெளிவா இல்ல. ஆம்பு பத்தலையோ?”

ஆம்பைச் சந்தேகிக்காதீர்கள். பாய்லர், பிரஸ் பக்கம் எட்டு மணி நேரம் நின்ற காது சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில் சத்தத்தைக் கூட்டத் தோன்றும், அங்கேதான் கேடு. மலேசியாவில் 2019 முதல் இருக்கும் இரைச்சல் விதிமுறைப்படி வேலையிட வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஹெட்போனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகும். ஷிப்டில் காதடைப்பான் போடுங்கள், வந்ததும் தூங்குங்கள், பாட்டை மறுநாள் கேளுங்கள்.

“நீங்க கணக்கு சொல்றீங்க, ஆனா எனக்கு வித்தியாசம் நல்லா கேக்குதேண்ணே?”

கேட்கலாம், உங்கள் காதை நான் குறை சொல்லவில்லை. சோதித்துப் பார்ப்போம். இரண்டு கேபிளிலும் சத்தம் 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும். ஹெட்போன் முனையில் ஒரே டெஸ்ட் டோனை ஓடவிட்டு மல்டிமீட்டரால் வோல்ட் பார்த்துச் சரிசெய்யலாம். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். தம்பியோ தங்கையோ நாணயம் சுண்டி, விழுந்தபடி கேபிளை மாட்டட்டும். மாற்றாத சமயத்திலும் கழற்றி மாட்டுவது போலச் சத்தம் செய்யட்டும். நீங்களே நன்றாக அறிந்த 20 விநாடித் துண்டு ஒன்றைக் கேட்டு, எந்தக் கேபிள் என்று சொல்லுங்கள். இப்படிப் பத்து முறை.

ஆறு, ஏழு சரியாக வருவது குருட்டாம்போக்கிலும் நடக்கும். ஒன்பதோ பத்தோ சரி என்றால், தற்செயலாக அப்படி நடக்க நூற்றுக்கு ஒன்றுதான் வாய்ப்பு. அப்படி வந்தால் இரண்டு கேபிளையும் ஹெட்போனையும் ஆம்பையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஓம் அளந்து பார்ப்போம். கம்பி மெலிசாக இருக்கும், அல்லது எங்காவது ஈயம் சரியாக ஒட்டாமல் இருக்கும். கண்டுபிடித்துச் சரி செய்து தருகிறேன்.